ஆறிய கஞ்சிக்கு மதிப்பெண்

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். பழைய வீடியோ கேம் விமர்சகருக்கோ அதுதான் விருந்து. 1982-இல் அட்டாரி வெளியிட்ட 'ஈ.டி.' விளையாட்டை இன்றைக்கு எடுத்துவைத்து, "கிராபிக்ஸ் சுமார்" என்று பத்துக்கு ஒன்று போடுகிறார். ஐயா, அந்த கேட்ரிட்ஜின் கொள்ளளவே 8 கிலோபைட்! உங்களுக்குத் தினமும் வரும் காலை வணக்கப் படம்கூட அதைவிடப் பெரிது. கிறிஸ்துமஸ் விற்பனையைப் பிடிக்க ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா ஐந்தே வாரத்தில் நிரல் எழுதி முடித்தது அது. (நம் விமர்சகர் நாற்பது ஆண்டு எடுத்துக்கொண்டிருக்கிறார்.)

விற்காமல் தேங்கியவற்றை 1983-இல் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைக்கிடங்கில் புதைத்தார்கள். 2014-இல் தோண்டினார்கள், ஒரு பிரதி ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தது. ஆனாலும் "வரலாற்றிலேயே மோசமானது" என்ற வரி மட்டும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியபடியே தொடர்கிறது.

"குழிக்குள் விழுந்துகொண்டே இருக்கிறேன்" என்பது விளையாட்டின் மீதான முக்கியப் புகார். பெட்டிக்குள் கையேடு இருந்தது, சாமி. பொத்தானை அழுத்தினால் ஈ.டி.யின் கழுத்து நீளும், மேலே மிதந்து வரலாம். அதைச் செய்துவிட்டு மதிப்பெண் போடுங்கள்.