அருங்காட்சியகத்தில் ஒலிக்கும் ‘ம்’: ஒரு மாத்திரை ஆய்வு

சிலைக்கோ சித்திரத்துக்கோ எதிரே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும் தமிழர், சற்று நேரத்தில் ‘ம்’ என்கிறார். உடனே அடுத்த சிலைக்கு நகர்கிறார். குற்றியலுகரத்துக்கும் குற்றியலிகரத்துக்கும் மல்லுக்கட்டிய நம் இலக்கணிகள் இந்த ‘ம்’மைக் கண்டுகொள்ளாமல் விட்டது அநீதி. அதைச் சரிசெய்ய ஒரு சிறு முயற்சி இது.

அளவுகோல் வெளியில் தேட வேண்டியதில்லை. கண் இமைக்கும் நேரம் அல்லது கைநொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியரே வகுத்துத் தந்திருக்கிறார். கண்ணிமையை நான் நம்பவில்லை. சோழர் காலச் செப்புத் திருமேனிக்கு முன்னால் ஆய்வாளனே இமைக்க மறந்துபோகும் அபாயம் உண்டு. ஆகவே கைநொடி.

களம், எழும்பூர் அரசு அருங்காட்சியகம். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது என் முதல் களப்பணியின் ஒரே கண்டுபிடிப்பு. பழைய சென்னைக்காரர்களுக்கு இது ‘செத்த காலேஜ்’. 1851இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கியது. எழும்பூருக்குக் குடிவந்த பிறகும் காலேஜ் பட்டம் ஒட்டிக்கொண்டது. 1855இல் அப்போதைய பொறுப்பாளர் பால்ஃபோர் துரை இதே வளாகத்தில் விலங்குகளை வளர்க்க ஆரம்பித்தார். அது ‘உயிர் காலேஜ்’ ஆகி, பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985இல் வண்டலூருக்கே போய்விட்டது. உயிர் போன இடத்தில் மிஞ்சுவது மெய். அங்கே மெய்யெழுத்து ஒலிப்பதில் வியப்பென்ன?

பார்க்க வந்தவர்களையே ஆய்வுப் பொருளாக்கியதில் எனக்கு முன்னோடி எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் இங்கே கண்காணிப்பாளராக இருந்தவர். வேடிக்கை பார்க்க வந்த ஜனங்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். மூக்கின் அகலத்தைக் கொண்டு மனிதரை இனம் பிரிக்கலாம் என்ற அந்த விஞ்ஞானம் இன்று செத்துவிட்டது. ஸ்பிரிட் ஜாடியில் போட்டு அதையும் ஓர் அலமாரியில் வைக்கலாம். நான் யார் மூக்கையும் தொடவில்லை. பின்னால் நின்று விரலைச் சொடுக்கினேன், அவ்வளவுதான். அதற்கே இரண்டு பேர் முறைத்தார்கள்.

இனி முடிவுகள். அரை மாத்திரை ‘ம்’மே பெரும்பான்மை. இதைச் சொல்பவர் முதலில் விவரப் பலகையைப் படிக்கிறார்: அர்த்தநாரீசுவரர், திருவெண்காடு, 11ஆம் நூற்றாண்டு. பிறகு, பலகை சொன்னது சரிதானா என்று சரிபார்ப்பவர்போல ஒருமுறை நிமிர்ந்து சிலையைப் பார்க்கிறார். சரியாக இருக்கிறது. ‘ம்.’

நவீன ஓவியத்தின் முன் இதே ‘ம்’ ஒற்றளபெடையாக நீண்டு ஒரு மாத்திரை பெறுகிறது. திருவனந்தபுரத்தில் கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களைப் பார்க்க மலையாள நண்பர் ஒருவரைக் கூட்டிப்போனேன். படம் முழுக்க எழுத்துப்போல ஏதோ நெருக்கமாக எழுதியிருக்கும். எந்த மொழிக்காரரும் படிக்க முடியாது. “மலையாளமா?” என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மேல்வரியிலிருந்து தொடங்கினார். மூன்றாவது வரியில் “ம்ம்ம்?” என்றார். ஓசை கடைசியில் மேலே ஏறியது. தனக்கே தாய்மொழி மறந்துவிட்டதோ என்ற பீதி அதில் இருந்தது. எழுத்தே தெரியாத நான் நிம்மதியாக வண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழந்தைகள் ‘ம்’ சொல்வதில்லை. எழும்பூர்த் திமிங்கில எலும்புக்கூட்டின் கீழ் அவர்கள் எழுப்புவது நெடில். அதை அளக்கக் கைநொடி போதாது.

சிக்கல் புதுக்கோட்டை அத்தையால் வந்தது. செப்புத் திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். தரையில் விடவும் மனம் வரவில்லை. என் கையில் கொடுத்துவிட்டார். பலகையைப் படிக்கவில்லை. ஒரு ஆளும் இல்லாத கோயிலில் நிற்பதுபோல நின்றார். பிறகு காவலரைக் கூப்பிட்டார்.

“ஏப்பா, சாமிக்கு யாரு விளக்கேத்துறது?”

காவலர் பெஞ்சிலிருந்து எழுந்து, சுவரிலிருந்த சுவிட்சையும் நடராசரையும் பார்த்தார்.

“காலைல வந்ததும் நாந்தான்மா போடுறேன்.”

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ‘ம்’ என்றார். இதுவரை நான் கேட்ட எந்த வகையிலும் சேராத ‘ம்’. அளந்துவிடலாம் என்று விரலை எடுத்தேன். இரண்டு கையிலும் செருப்பு.