வகுப்புக் கோமாளிக்கு ஒரு தெரு

கத்தோலிக்கப் பள்ளிகள் போடும் பழைய மாணவர் செய்திகளுக்கு எங்கே போனாலும் ஒரே வரிசைதான். முதலில் ஆயரானவர், அடுத்து நீதிபதியானவர், பிறகு டாக்டர்கள், கடைசியில் யாரோ ஒருவரின் திருமண வெள்ளிவிழாப் படம். கடைசி வரிசையில் உட்கார்ந்து அக்குளில் கையை வைத்து அசிங்கமான ஓசை எழுப்பியவன் என்ன ஆனான் என்று எந்தப் பள்ளி மலரும் எழுதாது. அவன் உருப்படாமல் போனால் கவலையில்லை. உருப்பட்டு உலகப் புகழும் பெற்றுவிட்டால்தான் சிக்கல். நியூயார்க்கில் ஒரு பங்குப் பள்ளிக்கு அந்தச் சிக்கல் வந்து சேர்ந்தது.

அமெரிக்காவில் கோவில்தோறும் பள்ளி முளைத்ததற்கு ஒரு தீர்மானம் காரணம். அரசுப் பள்ளிகளில் புராட்டஸ்டன்ட் பைபிளை வாசிக்கிறார்களே என்று கத்தோலிக்கர்கள் பல காலமாகக் குமுறிக்கொண்டிருந்தார்கள். 1884இல் பால்டிமோரில் கூடிய ஆயர்கள், ஒவ்வொரு பங்கும் இரண்டு ஆண்டுக்குள் ஒரு பள்ளி கட்டியாக வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கட்டடத்துக்கு மக்கள் காசு கொடுத்தார்கள். பாடம் நடத்தக் கன்னியாஸ்திரிகள் வந்தார்கள். சம்பளம் என்று சொல்லக் கூச்சப்படும் ஒரு தொகைக்கு, ஒரே அறையில் ஐம்பது அறுபது பிள்ளைகளை மேய்த்தார்கள். 1960களின் நடுவில் அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு, கேட்டால் சொல்வதற்கு ஒரு கன்னியாஸ்திரி கதை இருக்கும். கதையில் கட்டாயம் ஒரு மர ஸ்கேலும் இருக்கும்.

தங்க நட்சத்திரக் கதையும் உண்டு. பிராங்ஸில் பிளெஸ்ட் சேக்ரமென்ட் பள்ளியில் படித்த சோனியா சோட்டோமயோர், ஆசிரியை ஒட்டும் நட்சத்திரங்களுக்காக மாய்ந்து மாய்ந்து படித்தவர். 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார். மலரின் முதல் பக்கத்துக்கென்றே பிறந்த செய்தி. ஆனால் 2013இல் அந்தப் பள்ளி மூடப்பட்டது. நீதிபதி இருக்கிறார், போடுவதற்கு மலர்தான் இல்லை.

நமது கோமாளியின் பள்ளி வேறு. மன்ஹாட்டனில், கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சற்று வடக்கே, மேற்கு 121ஆம் தெருவில் இருக்கும் கார்ப்பஸ் கிறிஸ்டி. 1930களில் அங்கே பங்குத்தந்தையாக இருந்த ஜார்ஜ் பாரி ஃபோர்டு, பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் கல்வியாளர் ஜான் டூயி சொல்லிக்கொண்டிருந்த புதிய கல்வி முறையைத் தன் பள்ளியிலேயே நடத்திப் பார்க்கத் துணிந்தார். விஸ்கான்சினிலிருந்து டொமினிக்கன் சகோதரிகளை வரவழைத்தார். சீருடை கிடையாது. மதிப்பெண் கிடையாது. தரையில் அறையப்படாத, நகர்த்தக்கூடிய மேசைகள். பையன்களும் பெண்களும் கலந்து உட்காரலாம். ஒரு பிள்ளை கேள்வி கேட்டால் பதில் சொல்வார்கள்! அந்தக் காலத்துக் கத்தோலிக்கப் பெற்றோர் இதை எப்படித் தாங்கினார்கள் என்பதே தனி ஆராய்ச்சிக்குரியது.

நமது கோமாளி, அதாவது அதே தெருவில் குடியிருந்த நகைச்சுவைக் கலைஞர் ஜார்ஜ் கார்லின், 1940களில் அங்கே படித்தார். சாமியார் வகுப்புக்கு வரும் நாளில் பையன்கள் கேட்ட கேள்விகளைப் பின்னாளில் மேடையில் நடித்துக் காட்டுவார். பாஸ்கா காலத்தில் நற்கருணை வாங்கியே ஆக வேண்டும், கெடு முடிகிற நாளில் ஒருவன் நடுக்கடலில் கப்பலில் இருக்கிறான், கப்பலில் இருக்கும் ஒரே சாமியாரும் மயங்கிக் கிடக்கிறார், நாளும் முடிந்துவிட்டது, ஆனால் கப்பல் சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டி முந்தின நாளுக்குள் போய்விடுகிறது. இப்போது அது பாவமா, இல்லையா?

ஸ்கேலால் அடித்திருந்தால் அந்தப் பையன் ஸ்கேலைப் பற்றி நாலு ஜோக் சொல்லிவிட்டு ஓய்ந்திருப்பான். கேட்கவிட்டார்கள், அவன் கேட்டுக்கொண்டே போய்க் கடவுளையும் விட்டு வைக்கவில்லை. எட்டாம் வகுப்பு முடிவதற்குள் தனக்கு விசுவாசம் போய்விட்டது என்றும், அதற்கான கருவிகளைக் கொடுத்ததே அந்தப் பள்ளிதான் என்றும் கார்லின் நன்றியோடுதான் சொன்னார். எந்தப் பள்ளியும் சட்டம் போட்டு மாட்ட முடியாத பாராட்டு.

இதே பங்கில் இன்னொரு அதிசயமும் நடந்தது. 1938 நவம்பரில் தாமஸ் மெர்ட்டன் என்ற கொலம்பியா மாணவர் இங்கே ஞானஸ்நானம் பெற்றார். மூன்று ஆண்டுகளில் கென்டக்கிக்குப் போய், பேச்சைச் சுருக்கி வாழும் டிராப்பிஸ்ட் துறவியானார். (பேசாத குறையை எழுதித் தீர்த்தார் என்பது வேறு விஷயம், புத்தகங்களுக்குக் கணக்கில்லை.) ஆக, ஒரே கோவிலின் நிழலிலிருந்து வாயைக் கட்டிக்கொண்ட ஒருவரும், வாயை யாராலும் கட்ட முடியாத ஒருவரும்.

1972இல் கார்லின் வெளியிட்ட இசைத்தட்டின் பெயரே ‘கிளாஸ் கிளவுன்’; வகுப்புக் கோமாளி. அக்குள் ஓசைக்கும் அதில் இடமுண்டு. கடைசியில், தொலைக்காட்சியில் சொல்லவே கூடாத ஏழு வார்த்தைகளை வரிசையாகச் சொன்னார். அதே ஆண்டு மில்வாக்கியில் மேடையில் சொன்னபோது போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அடுத்த ஆண்டு அதே பொருளில் அவர் பேசிய இன்னொரு பதிவை நியூயார்க் வானொலி ஒன்று ஒலிபரப்ப, அது வழக்காகி 1978இல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நாலு என்று தீர்ப்பானது. வானொலி தோற்றது. பிராங்ஸ் பிள்ளை நீதிபதியாக ஏறிய படிகளில், 121ஆம் தெருப் பிள்ளையின் பேச்சு அதற்கு முப்பது ஆண்டு முன்பே வழக்காக ஏறிவிட்டது.

கார்லினின் அம்மா மேரி பக்தியுள்ள ஐரிஷ் வம்சாவளிப் பெண்மணி. மகன் வாயிலிருந்து வருவதைக் கேட்டு நொந்துபோயிருந்தார். அப்போது நடந்ததாகக் கார்லின் ஒரு கதை சொல்வார். பள்ளியின் சகோதரிகள் அம்மாவைத் தெருவில் பார்த்து, ஜார்ஜ் நன்றாகச் செய்கிறான், பெருமையாக இருக்குமே என்றார்களாம். அந்த வார்த்தைகள்? அவையும் மொழியில் இருப்பவைதானே, அவற்றின்மேல் இருக்கும் பயத்தைத்தான் அவன் போக்குகிறான் என்று சகோதரிகளே பரிந்து பேசினார்களாம். திருச்சபையே அனுமதித்த பிறகு அம்மா எதற்குக் கவலைப்பட வேண்டும்?

1999இல் வந்த ‘டாக்மா’ படத்தில் கார்லின் ஒரு கர்தினாலாகவே நடித்தார். சிலுவையில் தொங்கும் இயேசு மக்களைச் சோர்வடையச் செய்கிறார் என்று, கண்ணடித்துக் கட்டைவிரல் உயர்த்தும் இயேசு சிலையைத் திறந்துவைக்கும் கர்தினால்.

2008இல் அவர் காலமானார். சில ஆண்டுகள் கழித்து, அவர் வளர்ந்த தெருவுக்கு அவர் பெயரை வைக்க வேண்டுமென்று ஒரு நகைச்சுவைக் கலைஞர் கையெழுத்து வேட்டையில் இறங்கினார். பங்குக் கோவில் ஒத்துக்கொள்ளவில்லை. அதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது: வாழ்நாளெல்லாம் திருச்சபையைக் கிழித்தவரின் பெயரை அதே திருச்சபையின் வாசலில் மாட்டினால், பூசைக்கு வருகிறவர்கள் தினம் அதன் கீழேதான் நடந்து வர வேண்டும். பேச்சுவார்த்தை நடந்தது. 2014 அக்டோபரில் ‘ஜார்ஜ் கார்லின் வே’ பலகை ஏறியது, ஆனால் ஆம்ஸ்டர்டாம் அவென்யூவுக்குக் கிழக்கே உள்ள பகுதிக்கு. கோவிலும் பள்ளியும் கார்லின் குடியிருந்த வீடும் மேற்கே. நியூயார்க்கில் இப்படி வைக்கும் கௌரவப் பெயர்கள் தபால் முகவரியை மாற்றுவதில்லை என்பதால், பள்ளிக்கு யாராவது கார்லினைப் பற்றிக் கடிதம் எழுதினாலும் உறையில் பழையபடி மேற்கு 121ஆம் தெரு என்று எழுதினால் போதும்.