டேப் அண்ணன்

ராமகுப்பத்தில் அவரைத் தேடி அலைய வேண்டாம். இரண்டு அக்குளிலும் கட்டி வந்தவரைப்போலக் கைகளை உடம்பில் ஒட்டவிடாமல், சட்டைத் தையல் இப்பவோ அப்பவோ என்று இழுத்துப் பிடித்திருக்க, பஸ் நிற்கும் இடத்துக் கடைகளுக்கு முன்னால் ஒருவர் நிதானமாக நடந்து போனால் அவர்தான். ஷேர் ஆட்டோவில் அவர் ஏறினால் இரண்டு பேர் இடம் போய்விடும். எடை பார்த்தால் 70 கிலோவைத் தாண்டாது. மீதி எல்லாம் தோரணை.

தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் புழங்குகிற ஆந்திர எல்லையோர ஊர் இது. எந்த மொழியில் நலம் விசாரித்தாலும் அண்ணனிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: “பதினாறே கால்.” கையின் சுற்றளவு, இஞ்சில். தையல்காரர் வைத்திருப்பது போன்ற டேப் ஒன்று எப்போதும் பேன்ட் பையில் இருக்கும். காலையில் ஒரு அளவு, ராத்திரி ஒரு அளவு. ஜிம்மில் டம்பெல்லைக் கீழே வைத்த கையோடு இன்னொரு அளவு, அதுதான் அதிகாரபூர்வமானது. அந்த நேரத்தில் ரத்தம் ஏறித் தசை புடைத்திருக்கும், அரை இஞ்ச் கூடுதலாகக் காட்டும். வீடு போய்ச் சேர்வதற்குள் அந்த அரை இஞ்ச் இறங்கிவிடும். வாடகைக்கு வந்த இஞ்ச்தானே. அதற்குள் போட்டோ எடுத்தாகிவிடும்.

தன்னை மட்டும் அளந்துகொண்டால் பரவாயில்லை. ஊரையே அளக்கிறார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்த்ததும், “பையன் பதின்மூணுதான், வெயிட் தாங்க மாட்டான்” என்பார். யார் வெயிட் என்று கேட்டால் முறைப்பார். சட்டை அளவு எக்ஸ்எல் என்றால் பலசாலி, எம் என்றால் பாவம், எஸ் என்றால் குழந்தை. இதுதான் அவருடைய உலக வரைபடம்.

வீட்டில் கதை வேறு. களியை விட்டு இரண்டு வருஷமாகிறது. முட்டை வெள்ளைக்கருவும் டப்பாப் பொடியும்தான் சாப்பாடு. மஞ்சள் கருவெல்லாம் அப்பாவுக்கு. அவருக்கு டாக்டர் வேண்டாம் என்று சொன்ன ஒரே பொருள் அது. வாசலில் கேஸ் சிலிண்டர் வந்து இறங்கும். உள்ளே 14.2 கிலோ கேஸ். இரும்போடு சேர்த்து முப்பது கிலோ சொச்சம்.

“டேய், இத கொஞ்சம் உள்ள வைடா.”

“இன்னிக்கு லெக் டேம்மா. முதுகுக்கு ரெஸ்ட்.”

அம்மா சிலிண்டரை ஒருக்களித்து, அடிவிளிம்பிலேயே உருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவார். அந்தம்மாவின் கை எத்தனை இஞ்ச் என்று யாரும் அளந்ததில்லை.

அண்ணனைச் சும்மா கிண்டல் செய்துவிட்டுப் போவது நியாயமில்லை. அவர் சொல்வதில் பாதி சரி. தசையின் பலம் அதன் குறுக்குவெட்டில் இருக்கிறது: ஒரு சதுர சென்டிமீட்டர் தசை சுமார் 2 முதல் 3 கிலோ எடைக்கு ஈடான விசையைத் தரும். தசை தடித்தால் பலம் கூடும், சந்தேகமே வேண்டாம். இன்னும் சொன்னால் டேப் அவருக்கு அநியாயம் செய்கிறது. 14 இஞ்ச் கை 16 ஆனால் சுற்றளவு ஏழில் ஒரு பங்குதான் ஏறியிருக்கும். குறுக்குவெட்டோ முப்பது சதவீதம் ஏறியிருக்கும். இந்தக் கணக்கை யாரோ ஒரு புண்ணியவான் அவர் காதில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து தெருவில் நடமாட முடியவில்லை.

மற்றப் பாதி சிமெண்டு கடை வாசலில் இருக்கிறது. லாரியிலிருந்து மூட்டை இறக்கும் ஹமாலிகளை நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், உடம்பு ஐம்பத்தைந்து கிலோ இருந்தால் அதிகம், தலையில் துண்டு, வாயில் பாக்கு. 50 கிலோ மூட்டை அவர் முதுகில் வந்து உட்காரும்; பேச்சைக்கூட நிறுத்தாமல் பலகையில் இறங்கிப் போவார். அண்ணனுக்கு இது பொறுக்காது. ஜிம்மில் 120 கிலோ டெட்லிஃப்ட் போடுகிறவர் ஆயிற்றே. “தாத்தா, நகருங்க” என்று ஒரு நாள் மூட்டையைப் பிடித்தார். இரும்புக் கம்பி என்றால் பிடித்த இடத்தில் இருக்கும். மூட்டை அப்படியா? இந்தப் பக்கம் பிடித்தால் அந்தப் பக்கம் சரிந்தது. அந்தப் பக்கம் தாங்கினால் நடுவில் மடிந்து தொங்கியது. அண்ணன் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். ரொம்ப நாள் கழித்துப் பார்த்த சொந்தக்காரர் மாதிரிதான் இருந்தது.

“தம்பி, மூட்டைக்குக் கைப்பிடி கிடையாதுப்பா. கையால தூக்காத. அதுக்கு அடில நீ போ” என்றார் பெரியவர்.

அந்த ஒரு வரியில் இருப்பது முப்பது வருஷப் பயிற்சி. பலம் என்பது தசை மட்டுமில்லை. எந்தத் தசையை எப்போது, எத்தனை இழைகளோடு கூப்பிடுவது என்று நரம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1979இல் மோரிடானி, டிவ்ரீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் பலம் ஏறுவது பெரும்பாலும் நரம்பின் வேலையால்தான், தசை தடிப்பது அதற்குப் பிறகு. அதைவிட வேடிக்கை, ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தவர்களுக்கு மறு கையிலும் பலம் ஏறியது, ஒரு நூல்கூடத் தடிக்காமல். இதைக் கேட்டதும் அண்ணன் நேராக ஜிம் மாஸ்டரிடம் போய், ஒரு கைக்கு மட்டும் வந்தால் ஃபீஸ் பாதியா என்று விசாரித்தார்.

நெம்புகோல் கணக்கும் உண்டு. மேல்கைத் தசையின் நாண், முழங்கை மூட்டிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் தள்ளித்தான் எலும்பில் பிடிக்கிறது. அது சில மில்லிமீட்டர் கூடுதலாகத் தள்ளிப் பிடித்திருந்தால் அதே தசைக்குக் கூடுதல் தூக்கு. தாய் வயிற்றில் முடிந்துபோன விஷயம் அது. எந்த டேப்பிலும் வராது. பழக்கமும் அப்படியே. நேபாளத்து மலைப்பாதையில் நாம்சே சந்தைக்குப் பாரம் சுமப்பவர்களை எடை பார்த்த ஆய்வு ஒன்று 2005இல் வெளியானது. ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதம் சுமந்திருந்தார்கள். அவர்களில் யாருக்கும் ஜிம் கார்டு இருந்திருக்க வாய்ப்பில்லை.

“அதெல்லாம் சரிண்ணா, பெரிய உடம்புக்குப் பெரிய பலம்தானே?” என்பார். ஆமாம். ஆனால் உடம்பு ஏறுகிற வேகத்தில் பலம் ஏறாது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் துருக்கியின் நயீம் சுலைமானோக்லு 190 கிலோவைத் தலைக்கு மேல் ஏற்றினார். உயரம் ஐந்தடியே இல்லை. 2021இல் ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே 267 கிலோ தூக்கினார். அவர் 170 கிலோவைத் தாண்டிய ஆள். உடம்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு, தூக்கியதோ ஒன்றரை மடங்குகூட இல்லை. பளுதூக்குதலில் எடைப் பிரிவு வைத்திருப்பது இதனால்தான். நம் மீராபாய் சானு அதே 2021இல் 49 கிலோ பிரிவில் 119 கிலோ தூக்கி உலகச் சாதனை செய்தபோது எந்த எக்ஸ்எல் சட்டையும் அவருக்குப் பொருந்தியிருக்காது. அவ்வளவு தூரம் எதற்கு, பக்கத்து வேலூரில் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் இரண்டு வகைத் தூக்கும் சேர்த்து மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். நாலு வருஷம் கழித்து மறுபடியும் ஒன்று. அண்ணன் இவருடைய படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “கட்ஸ் இல்லையே” என்றார்.

மேலே சொன்னதையெல்லாம் அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நண்பர்களோடு நன்னியாலா யானை முகாமுக்குப் போனபோது புது உதாரணத்தோடு வந்தார். காட்டு யானைகளை விரட்ட ஜெயந்த், விநாயக் என்ற கும்கிகளை வனத்துறை வைத்திருந்த இடம் அது, இதே ராமகுப்பம் மண்டலத்தில்தான். “எறும்பு தன் எடையப் போல அம்பது மடங்கு தூக்குதுண்ணா. அது யானை சைஸ் ஆனா?” என்றார்.

யானை சைஸ் ஆனால் நிற்கவே முடியாது. 1638இலேயே கலிலியோ சொல்லிவிட்டார்: உருவம் இரண்டு மடங்கானால் தசையின், எலும்பின் குறுக்குவெட்டு நாலு மடங்குதான் ஆகும், எடையோ எட்டு மடங்கு. எறும்பு யானையானால் அதன் கால் அதன் உடம்புக்கே ஒடியும். யானைக்குக் கால் தூண் மாதிரி இருப்பதும், அதனால் குதிக்க முடியாமல் போனதும் இந்தக் கணக்கால்தான். தன் எடையை ஒரு மடங்குகூட அதனால் தூக்க முடியாது. அண்ணனின் கணக்குப்படி பார்த்தால் அந்த முகாமிலேயே சோப்ளாங்கி யானைதான்.

அண்ணன் அசரவில்லை. யானையைத் தன் மார்பில் ஏற்றி நிறுத்திய கோடி ராமமூர்த்தி நாயுடு நம்ம ஆந்திராக்காரர் என்று ஆரம்பித்தார். அது உண்மைதான். ஸ்ரீகாகுளம் பக்கத்து வீரகட்டத்தில் பிறந்து, சர்க்கஸ் மேடையில் நாட்டையே வாய் பிளக்க வைத்தவர். அண்ணனுக்கும் ஆசை வந்துவிடப் போகிறதோ என்று நண்பர்கள் யானையைப் பார்த்தார்கள். பாவம் யானை.

பாகன் ஒல்லியான மனிதர். நாலு டன் விலங்கு அவருடைய ஒரு சத்தத்துக்குக் காலைத் தூக்கி வைத்தது.

“அண்ணா, இதுக்கு என்ன புரோட்டீன் குடுக்கறீங்க?”

“ராகி, கொள்ளு, கொஞ்சம் வெல்லம்.”

“எத்தனை ஸ்கூப்?”

பாகன் இரண்டு கையையும் சேர்த்து ஒரு உருண்டையின் அளவைக் காட்டினார். அண்ணன் குறித்துக்கொண்டார். பிறகு உயரம் கேட்டார். முன்னங்காலின் பாதச் சுற்றளவை அளந்து இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் வந்துவிடும் என்றார் பாகன். வனத்துறைக்காரர்கள் தரையில் பதிந்த காலடியை வைத்தே போடுகிற கணக்கு அது. அண்ணன் முகம் மலர்ந்தது. டேப்பால் அளந்து நம்புகிற இன்னொரு துறை இருக்கிறதே!

“அப்போ ஆம்ஸ் எவ்ளோ இருக்கும்ணா?”

“கிட்டப் போய் நீங்களே அளந்துக்கங்க சார்.”

அந்த அளவு மட்டும் எடுக்கப்படவில்லை. போட்டோ எடுத்தார்கள். யானை பத்தடி பின்னால், அண்ணன் கேமராவுக்குப் பக்கத்தில், ஒரு கையை மடக்கி. அந்தப் படத்தில் அண்ணனின் கை யானையின் காலைவிடத் தடிமனாக விழுந்திருக்கிறது. வாட்ஸாப் முகப்பில் இன்றைக்கும் அதுதான்.