டார்ச்சுக்கு எதுக்குலே மாமனார் நம்பரு?

ஏலே பேராண்டி, இங்க வா. திண்ணையில உக்காரு. அந்தப் போனைக் கொஞ்சம் கீழ வை, ஓடிப் போயிராது.

எத்தனை பூட்டுலே அதுக்கு! விரலைக் காட்டணும், மூஞ்சியைக் காட்டணும். பெத்த ஆத்தா தொட்டாக்கூட வெடுக்குன்னு பிடுங்குத. விவரமான பயதான்னு நெனச்சேன். நேத்து ராத்திரி கரண்டு போச்சு. போன்ல இருக்க வெளிச்சம் பத்தலையாம், கலர் கலரா மின்னணுமாம். ஒரு டார்ச் ஆப்பை எறக்குன. போன்ல உள்ள நம்பர் பூராம் வேணும்னு அது கேட்டுச்சு. சரின்னு ஒரு தட்டு தட்டிட்ட. விளக்கு எண்ணெய் கேட்டா நியாயம். உன் மாமனார் நம்பரைக் கேட்டா?

உன் பிள்ளை பொறந்தப்ப ஆச்சி என்ன செஞ்சா? கண்ணு பட்டுரும்னு கன்னத்துல மைப்பொட்டு வச்சா. நீ என்ன செஞ்ச? தேதி, நேரம், ஆஸ்பத்திரி பேரு எல்லாம் போட்டு, படத்தோட ஸ்டேட்டஸ் வச்ச. அப்புறம் அதே தேதியை பேங்க் ஆப்புக்கு ரகசிய நம்பராக்கிட்ட. ஊருக்கெல்லாம் ஒரு சாவி குடுத்துட்டுக் கதவைப் பூட்டுத ஆளை இப்பத்தான் பாக்கேன்.

வெளிய கெளம்புதவனை 'எங்க போற'ன்னு கேட்டா நாங்க திட்டுவோம். மூடநம்பிக்கைன்னு நீ சிரிச்ச. நீயோ, 'குடும்பத்தோட கொடைக்கானல், மூணு நாள்'னு யாரும் கேக்காமலே தண்டோரா போடுத. களவாணிக்கு இதைவிட மரியாதையா யாரு பத்திரிகை வைப்பா?

போன வாரம் டீக்கடையில ரெண்டு வடை வாங்குனேன். காயிதத்தைப் பிரிச்சா, எவனோ ஒருத்தனோட ஆதார் ஜெராக்ஸ்! எண்ணெய்க் கறைக்குள்ள இருந்து ஒரு பய முழிச்சுப் பாக்கான். 12 எண்ணும் பளிச்சுன்னு தெரியுது. கிழிச்சு அடுப்புல போட்டேன். நீயும் ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்புனியே, அழிச்சாச்சான்னு கேட்டியா? மொத 8 எண்ணை மறைச்சு, கடைசி 4 மட்டும் தெரியுத ஆதாரை சர்க்காரே சும்மா தருது. படிச்ச பய உனக்குத் தெரியல. கிழவன் நான் சொல்ல வேண்டியிருக்கு.

'பரிசு விழுந்திருக்கு, பின் நம்பர் போடுங்க'ன்னு எவனாவது சொன்னா உடனே போட்டுராத. பணம் அனுப்பத்தாம்லே பின் நம்பரு, வாங்க இல்ல. உண்டியல்ல காசு போட வாரவனுக்குச் சாவி எதுக்கு?

இதைக் கேளு. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்ட் 24-ல சுப்ரீம் கோர்ட்டுல 9 நீதிபதிகள் ஒரே முடிவாச் சொன்னாங்க. ஆதாரை எதுத்து அந்தக் கேஸைப் போட்டது யாரு? கர்நாடக ஐகோர்ட்டுல நீதிபதியா இருந்து ஓய்வு பெத்த புட்டசாமி. 2012-ல கேஸ் போடும்போது அவருக்கு வயசு 86. ஒரு கிழவன் அஞ்சு வருசம் காத்திருந்து வாங்கித் தந்ததை, நீ ஒரே தட்டுல தூக்கிக் குடுத்துட்டு வார.

காசு பறிபோயிட்டா வெக்கப்பட்டுக்கிட்டு ஒளியாத. அந்த நிமிசமே 1930-க்குப் போன் போடு.

இப்பப் போயி அந்த டார்ச் ஆப்பை அழி. இருட்டுனா எங்கிட்ட அரிக்கேன் விளக்கு இருக்கு. மண்ணெண்ணெய் மட்டுந்தான் கேக்கும், யாரு நம்பரையும் கேக்காது.