தெரியாதவர் யார்?

கேள்வி: 'கங்காரு' என்றால் ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியில் 'எனக்குத் தெரியாது' என்று அர்த்தமாமே, உண்மையா?
- வாசகர், தேனி

பதில்: வெறும் கட்டுக்கதை. 1770-ல் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கின் கப்பல் பழுதாகி, குவீன்ஸ்லாந்தின் எண்டெவர் ஆற்றங்கரையில் நின்றது. அங்கே வாழ்ந்த கூகு யிமிதிர் மக்களிடம் கேட்டு எழுதிக்கொண்ட சொல் அது. 'கங்குரு' என்பது அவர்கள் மொழியில் ஒருவகைப் பெரிய கங்காருவின் பெயர். 1970-களில் ஜான் ஹேவிலண்ட் என்ற மொழியியலாளர் அம்மக்களிடமே மொழி கற்று இதை உறுதி செய்தார். ஆக, பதில் சொன்னவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது, தெரியாதவர் கேட்டவர்தான்!

அந்த மொழியில் இடம், வலம் பார்த்து வழி சொல்வதில்லை. 'உன் வடக்குக் காலருகே எறும்பு' என்பதுபோலத்தான் பேச்சு. திசைகாட்டியை நாக்கிலேயே வைத்திருக்கும் மக்கள்!

இப்படி, ஆங்கிலேயர் குடியேறிய 1788-ல் ஆஸ்திரேலியாவில் 250-க்கும் மேற்பட்ட பழங்குடி மொழிகள் இருந்தன. பிறகு, தாய்மொழி பேசிய பழங்குடிப் பிள்ளைகளைப் பள்ளிகளில் தண்டித்தார்கள். 2018-19 ஆய்வின்போது புழக்கத்தில் இருந்தவை 123. அவற்றில் குழந்தைகள் கற்று வளர்ந்தவை 12 மட்டுமே.

ஆனாலும் நம்பிக்கை உண்டு. அடிலெய்டில் பேச்சே நின்றுபோன கௌர்னா மொழியை, 1840-ல் இரண்டு ஜெர்மன் பாதிரியார்கள் அச்சிட்ட இலக்கணத்தையும் சொற்பட்டியலையும் கொண்டு மீட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். புத்தகம் விதையைக் காக்கும். அதை முளைக்க வைப்பது குழந்தையின் வாய்தான்.