லட்சுமி அம்மண்ணி: ஒரு பாட்டியின் நெடுந்தூது

ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் பீரங்கிகளுக்குக் கிடைத்த இடம் பாட்டிமார்களுக்குக் கிடைத்ததில்லை. காவிரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடும் அந்தத் தீவில் ஒரு தாய்க்கு மட்டும் உரிய மரியாதை வாய்த்தது. ஹைதர் அலியின் மனைவியும் திப்பு சுல்தானின் தாயுமான ஃபாத்திமா ஃபக்ருன்னிசா, கருங்கல் தூண்கள் சூழ்ந்த கும்பஸ் என்னும் கல்லறை மாடத்தில் கணவருக்கும் மகனுக்கும் அருகே துயில்கிறார். அதே தீவின் கோட்டைக்குள், அவருடைய கணவரையும் மகனையும் ஆட்சியிலிருந்து இறக்குவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டிருந்த இன்னொரு தாய், பிற்காலத்தில் பாட்டி, ஒருவர் இருந்தார். உடையார் மரபின் இரண்டாம் கிருஷ்ணராஜரின் அரசியான லட்சுமி அம்மண்ணி அவர். (அம்மண்ணி என்பது மைசூர் அரசகுலப் பெண்களின் பெயரோடு சேரும் மதிப்பு விகுதி.) சுற்றுலா வழிகாட்டிகளின் சுற்றில் இவருக்கு நிறுத்தம் இல்லை.

இவருடைய கணவர் 1734 முதல் 1766 வரை அரசராக இருந்தார். ஆண்டார் என்று எழுதுவது வரலாற்றுக்குச் செய்யும் தீங்காகும். முதலில் தளவாய்கள், அதாவது அரசரின் பெயரால் படையையும் கருவூலத்தையும் தம் கையில் வைத்திருந்த தலைமைப் படைத்தலைவர்கள், அவருக்காக ஆண்டார்கள். 1761-க்குப் பிறகு அந்தச் சிரமத்தை ஹைதர் அலி ஏற்றுக்கொண்டார். அரசரோ கொலு பொம்மையைப் போல நவராத்திரிக்கு வெளியே எடுக்கப்பட்டு, மக்கள் கும்பிட்டு முடித்ததும் மீண்டும் உள்ளே வைக்கப்பட்டார். 1766-இல் ஓர் அரசர், 1770-இல் இன்னொருவர், 1776-இல் மற்றொருவர் என்று பொம்மைகள் மாறியபோதும் மாறாதிருந்தது அந்தப்புரத்தில் அமர்ந்திருந்த இந்த அம்மையாரின் ஞாபகசக்தி ஒன்றுதான்.

1776-இல் நேர்வாரிசு இல்லாமல் போனபோது ஹைதர் நடத்திய தேர்வை மார்க் வில்க்ஸ் என்னும் ஆங்கிலேயர் தம் வரலாற்று நூலில் பதிந்திருக்கிறார். உடையார் உறவுக் குடும்பங்களின் குழந்தைகளை ஒரு கூடத்தில் விட்டு, பழம், பண்டம், விளையாட்டுப் பொருள், ஆயுதம் எல்லாவற்றையும் பரப்பி வைத்தார்களாம். மற்றவை தின்பண்டத்தின்மேல் பாய, குறுவாளை எடுத்த குழந்தையே அரசன் என்று ஹைதர் அறிவித்தாராம். வாளெடுக்கும் பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, பிறகு ஆயுள் முழுதும் அவன் கையில் வாளே படாமல் பார்த்துக்கொண்டது ஹைதரின் நிர்வாகத் திறமை. அக்குழந்தை, ஒன்பதாம் சாமராஜர், லட்சுமி அம்மண்ணியின் சுவீகார மகனானார்.

இதற்கிடையில் அம்மையார் செய்துகொண்டிருந்த வேலை கடிதப் போக்குவரத்து. சென்னையில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர்கள் வருவதும் போவதுமாக இருக்க, யார் வந்தாலும் அவர்களிடம் வந்து சேரும் கோரிக்கை ஒன்றாகவே இருந்தது: மைசூரை உடையார்களுக்கு மீட்டுத் தர வேண்டும். தூதராக அலைந்தவர்கள் மைசூர்ப் பிரதானிகள் என்று பெயர்பெற்ற திருமலை ராவும் அவர் தம்பி நாராயண ராவும் (பிரதானி என்றால் தலைமை அமைச்சர்; அலைந்த காலத்தில் இவர்கள் ஆள நாடில்லாத பிரதானிகள்). 1782 அக்டோபரில் தஞ்சாவூரில் திருமலை ராவ் கம்பெனியின் பிரதிநிதி ஜான் சல்லிவனோடு ஓர் ஒப்பந்தமே செய்துகொண்டார். அதற்குத் துணைநின்றவர், மூன்றாண்டுகளுக்கு முன் கம்பெனியின் சமாதானத் தூதராக ஹைதரிடமே போய்வந்த பாதிரியார் சுவார்ட்ஸ். கோட்டைகள் விழ விழ அரசியின் தரப்பு தவணை தவணையாகப் பணம் தர வேண்டும் என்பது நிபந்தனை. கைச்செலவுக்கே ஹைதரை நம்பியிருந்த ஒரு கைம்பெண், ஹைதரின் தலைநகரில் இருந்துகொண்டே ஹைதரை வீழ்த்துவதற்கு இலட்சக்கணக்கில் விலை பேசினார் என்பதை வாசகர்கள் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவ்வாண்டு டிசம்பரில் ஹைதர் இறந்தார்; 1784-இல் மங்களூர் உடன்படிக்கை மூலம் கம்பெனி திப்புவோடு சமாதானமானது; தஞ்சாவூர் ஒப்பந்தம் மூட்டைக்குள் போயிற்று. 1792-இல் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை வந்து, பாதி நாட்டையும் திப்புவின் இரு மகன்களைப் பிணையாகவும் பெற்றுக்கொண்டு திரும்பியபோது, உள்ளே இருந்த பாட்டியை விசாரித்ததாகத் தெரியவில்லை. 1796-இல் சாமராஜர் இறந்ததும் திப்பு அடுத்த அரசரை நியமிக்கவில்லை; குடும்பத்தை அரண்மனையிலிருந்து ஒரு சிறிய வீட்டுக்கு மாற்றினார். மிஞ்சியது 1794-இல் பிறந்த ஒரு பேரக்குழந்தையும், அதை மடியில் வைத்திருந்த பாட்டியின் பிடிவாதமும்.

1799 மே 4-ஆம் நாள் கம்பெனிப் படையிடம் கோட்டை வீழ்ந்து திப்பு மாண்டார். பேச்சுவார்த்தைக்கு வந்த கமிஷனர்களில் ஒருவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வெல்லிங்டன் பிரபுவாகி 1815-இல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர். (மேலே சொன்ன வில்க்ஸ், அதே நெப்போலியன் கைதியாக வந்திறங்கியபோது செயின்ட் ஹெலினா தீவின் கவர்னராக இருந்தார். மைசூரில் பழகியவர்களிடமே நெப்போலியன் மாட்டிக்கொண்டது தனியாக ஆராயத்தக்கது.) ஜூன் 30-ஆம் நாள், ஐந்து வயதுப் பேரன் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் என்ற பெயரோடு மைசூரில் அரியணை ஏறினார்.

கேட்டது கிடைத்தது, ஆனால் கேட்ட அளவில் கிடைக்கவில்லை. திப்புவின் நாட்டில் கம்பெனியும் அதன் கூட்டாளியான ஹைதராபாத் நிஜாமும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டது போக மீதியே பேரனுக்கு வந்தது. அதற்கும் ஆண்டுதோறும் 7 இலட்சம் நட்சத்திர வராகன் (பொற்காசு) படைச்செலவாகக் கட்ட வேண்டும். திவான் பதவி, ஹைதரிடமும் திப்புவிடமும் அமைச்சராக இருந்த பூர்ணய்யாவுக்குப் போயிற்று. எந்த ஆட்சி வந்தாலும் கணக்குத் தெரிந்தவருக்கு வேலை உண்டு என்பது அரசியல் விதி. ஆண்டுக்கணக்கில் அலைந்த திருமலை ராவுக்கு அந்த நாற்காலி கிடைக்கவில்லை.

ஆயினும் பாட்டி ஓயவில்லை. அம்மைப்பால் குத்துதல், அதாவது பெரியம்மைக்கு எதிரான தடுப்பூசி, இந்தியாவுக்கு வந்த புதிதில், 1805 வாக்கில் தாமஸ் ஹிக்கி வரைந்த ஓர் ஓவியத்தில் மூன்று பெண்கள் நிற்கிறார்கள். ஒருவர் தடுப்பூசி போட்ட கையைக் காட்டுவதுபோல் சேலையை ஒதுக்கியிருக்கிறார். ஓரத்தில் நிற்பவர்கள் இளம் அரசரின் மனைவியர் (இருவர் பெயரும் தேவாஜம்மண்ணி, அரண்மனையில் யாரையாவது கூப்பிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகத்துக்கு விடலாம்), நடுவில் இருப்பவர் பாட்டி லட்சுமி அம்மண்ணி என்பது நைஜல் சான்சலர் என்னும் ஆய்வாளரின் முடிவு. பெரியம்மைக்குக் கணவரைப் பறிகொடுத்தவர் பேத்தி முறைப் பெண்ணின் கையை உலகுக்குக் காட்டியதில் நியாயம் உண்டு. இந்த அடையாளம் தெரியுமுன் அப்படத்தில் இருப்பவர்கள் நாட்டியப் பெண்கள் என்று நம்பியவர்களும் இருந்தார்கள். நாற்பதாண்டுக் காலம் ஒரு பேரரசோடு வழக்காடியவருக்கு வரலாறு சூட்டிய பட்டம் அது.

லட்சுமி அம்மண்ணி 1810-இல் காலமானார். பேரன் சதுரங்கக் குதிரையை அறுபத்துநான்கு கட்டங்களிலும் ஓட்டும் வழிகளை வகுத்தார், ஸ்ரீதத்துவநிதி என்னும் பெரும் சித்திரத் தொகுப்பை உருவாக்கினார், 1831-இல் நிர்வாகத்தைக் கம்பெனியிடம் இழந்தார், 1868 வரை வாழ்ந்தார்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் செல்லும் தமிழ் வாசகர்கள், பீரங்கிக் கதைகள் முடிந்ததும் வழிகாட்டியிடம் இந்தப் பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். அவர் சொல்லிவிட்டால், பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுத்துவிட வேண்டும்; இந்தக் கதையில் திருமலை ராவின் கணக்கு ஏற்கெனவே பாக்கி நிற்கிறது.