சாம்பிராணிப் பரீட்சை

கேள்வி: எத்தனையோ தெய்வங்களை வணங்கிய ரோமர்களுக்கு, இயேசு என்று இன்னொருவரைச் சேர்த்துக்கொள்வதில் என்ன கஷ்டம்?

பதில்: சேர்த்துக்கொள்ள ரோமுக்குக் கஷ்டம் இல்லை, பத்தோடு பதினொன்றாகச் சேரக் கிறிஸ்தவர்கள்தான் சம்மதிக்கவில்லை! பேரரசர் சிலைக்குச் சாம்பிராணியும் திராட்சை ரசமும் படைத்து, கிறிஸ்துவைச் சபித்துவிட்டால் உயிர் மிஞ்சும். பித்தினியா என்ற ரோம மாகாணத்தின் ஆளுநர் பிளினி, கி.பி. 112 வாக்கில் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் பரீட்சையை அவரே விவரிக்கிறார். “நீ கிறிஸ்தவனா?” என்று மூன்று தடவை கேட்பாராம். மூன்று தடவையும் “ஆம்” என்றால் மரண தண்டனை. பயந்து மறுதலித்தவர்களும் உண்டு. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிறிஸ்தவர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று பிளினி துருவினார். விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாகப் போற்றிப் பாடுகிறார்கள், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், வாக்குத் தவறமாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள். குற்றப்பத்திரிகை எழுத உட்கார்ந்தவர், நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டார்!

அப்போதும் நம்பவில்லை. சபையில் ஊழியம் செய்துவந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தார். மிதமிஞ்சிய மூடநம்பிக்கை தவிர வேறெதுவும் அகப்படவில்லை என்று எழுதுகிறார். அந்தப் பெண்களின் பெயரைக்கூட அவர் குறித்துவைக்கவில்லை. ஆதித் திருச்சபையின் பக்திக்கு ஒரு சாட்சி சொல் என்றால், பெரிய ஆயர்களுக்கு முன்னால் நான் இந்த இருவரைத்தான் சொல்வேன். ஊரில் அடிமைகள்; சபையிலோ பொறுப்புள்ள ஊழியர்கள். அந்த மரியாதையைக் கொடுத்த விசுவாசத்தை அவர்கள் சாம்பிராணிப் புகைக்கு விற்றதாகப் பிளினி எழுதவில்லை.